சாட்சிக் கூண்டுக்கு வந்த நாய்

யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவனை அவன் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சனின் காலடியில் அவருடைய வளர்ப்பு நாய் ஜிங்கிள்ஸ் படுத்திருந்தது. அதை வெளியே அனுப்ப அவகாசமில்லை. நாய் ஓடிப்போய்ச் சிறுவனை நக்கியது. அவன் அதைக் கட்டிக்கொண்டான். அடுத்தடுத்த வருகைகளிலும் நாயோடுதான் விளையாட்டு. போகப்போக லெவின்சனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான்.

இதை லெவின்சன் 1961இல் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கேட்டார்கள். அவர் விடவில்லை. மறுவருடம் கட்டுரை எழுதினார், 1969இல் புத்தகமே போட்டார்.

நாயால் ஆவது என்ன? பெரியவர் கையால் அடிபட்ட, சீரழிக்கப்பட்ட குழந்தைக்கு, அன்பாகக் கேட்கும் பெரியவரும் பெரியவர்தான். நாய் எதையும் கேட்பதில்லை. எதைச் சொன்னாலும் முகம் சுளிப்பதுமில்லை. அதைத் தொடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யலாம். அந்த உரிமைதான் குழந்தையிடமிருந்து பறிக்கப்பட்டது.

சிகிச்சை அறையிலிருந்து நீதிமன்றத்துக்கு நாய் வந்தது தற்செயலாகத்தான். சியாட்டில் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்த எல்லன் ஓ'நீல்-ஸ்டீஃபன்ஸின் மகன் மாற்றுத்திறனாளி. மகனுக்குத் துணையாக இருந்த நாயின் பெயர் ஜீட்டர். 2003இல் எல்லன் ஜீட்டரைச் சிறார் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகத் தொடங்கினார். பாலியல் வன்முறை வழக்கொன்றில் வாய் திறக்கவே அஞ்சிய இரட்டைச் சிறுமிகள், ஜீட்டர் பக்கத்தில் இருக்கச் சாட்சி சொன்னார்கள். பிறகு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கென்றே எல்லி என்ற லாப்ரடார் வந்தது.

இந்த வேலைக்கு எல்லா நாயும் தேறாது. குட்டியாக இருக்கும்போதே தன்னார்வலர் வீட்டில் வளர்ந்து, கடை, பேருந்து, கூட்டம் எல்லாம் பழகி, பின் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் பாடம் படிக்க வேண்டும். அழுகைக்கும் கூச்சலுக்கும் அசையாமல் மணிக்கணக்கில் படுத்திருப்பதுதான் கடைசித் தேர்வு.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? நாயைப் பார்த்தால் ஜூரிகள் மனம் இளகிவிடும் என்று வாதிட்டது. அதில் நியாயமும் இருந்தது. அதனால்தான் பல நீதிமன்றங்களில் ஜூரிகள் வருமுன்பே நாயைக் கூண்டுக்குள் கண்ணில் படாதபடி படுக்க வைக்கிறார்கள். எல்லி உடனிருந்த ஒரு வழக்கில் மேல்முறையீடு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கில் சாட்சி சொன்னவர் குழந்தை அல்ல, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒருவர். நாயை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று விசாரணையிலேயே ஜூரிகளுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம், நாயை அனுமதித்தது சரியே என்றது.

நாய் உண்மையைக் கண்டுபிடிப்பதில்லை, காயத்தை ஆற்றுவதுமில்லை. ஆற்ற வேண்டியவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். நாய்க்குப் பயப்படும் குழந்தையிடம் அதைத் திணிப்பதும், களைத்த நாயை ஓய்வின்றி வேலை வாங்குவதும் தவறு. குழந்தை தன் வாயால் பேசும்வரை கூட இருப்பதே நாயின் வேலை. சட்டம் கேட்பதும் அந்தக் குழந்தையின் சொந்த வார்த்தையைத்தான்.