வில்லெம்ஸ்டாட் துறைமுகத்தில் ஒரு பகல்

கடலுலாச் செல்லும் கப்பல் ஒரு துறைமுகத்தில் தங்குவது பெரும்பாலும் ஒரு பகற்பொழுதுதான். காலையில் இறங்கியவர் மாலையில் கப்பலின் சங்கு ஒலிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்தில் ஓர் ஊரைக் காண்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. துறைமுக வாயிலில் காத்து நிற்கும் வண்டியில் ஏறி, வழிகாட்டி கைநீட்டிய பக்கமெல்லாம் தலையைத் திருப்புவது ஒன்று. தன் கால்களை நம்பித் தனியே நடப்பது மற்றொன்று. வரலாற்றில் நாட்டம் உடையவர்க்கு இரண்டாவதே ஏற்றது. கரிபியன் கடலில், அவ்வாறு நடந்தே படித்துவிடத்தக்க ஊர் ஒன்று இருக்கிறது. குராசோத் தீவின் தலைநகராகிய வில்லெம்ஸ்டாட் அது.

வெனிசுவேலா நாட்டின் கடற்கரைக்கு வடக்கே, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிறு தீவு குராசோ. மழை குறைந்த நிலம். கள்ளியும் முள்மரமும் மலிந்தது. அண்டைத் தீவுகளைப் போலக் கரும்பு விளைவித்துச் செல்வம் குவிக்க அம்மண் இடம் தரவில்லை. ஆனால் இயற்கை அதற்கு வேறொரு செல்வத்தை வழங்கியிருந்தது. கடலிலிருந்து குறுகிய கால்வாய் போல உள்ளே நுழையும் சாந்தா அன்னா விரிகுடா, சற்றுத் தொலைவில் பரந்த ஏரி போல் விரிந்து, புயலுக்கு அஞ்சாத துறைமுகமாக அமைந்திருக்கிறது. அந்தக் குறுகிய நீர்வழியின் இரு கரைகளிலும் நகரம் எழுந்தது. கீழ்க்கரைக்குப் புந்தா என்று பெயர். மேற்கரைக்கு ஓத்ரோபாந்தா என்று பெயர். போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் டச்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த பப்பியாமெந்து என்னும் அவ்வூர் மொழியில், ஓத்ரோபாந்தா என்றால் ‘அக்கரை’ என்றுதான் பொருள்.

பெருங்கப்பல்கள் அக்கரைப் பக்கத்தில்தான் நிற்கின்றன. இறங்கி நடந்தால் முதலில் எதிர்ப்படுவது 1828-இல் கட்டிய ரிஃப் கோட்டை. பீரங்கி முழங்கிய இடத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன. அதைக் கடந்து நீர்க்கரைக்கு வந்து நின்றால், எதிரே புந்தாவின் முகம் தெரியும். மஞ்சள், நீலம், பச்சை, செம்மை எனப் பல வண்ணம் தீட்டிய, கூர்முகட்டு டச்சு வீடுகள் ஒரே வரிசையில் நிற்கும். வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயில் தமக்குத் தலைவலி தருகிறது என்று கூறி, 1817-ஆம் ஆண்டளவில் கிக்கர்ட் என்னும் ஆளுநர் வீடுகளுக்கு வண்ணம் பூச ஆணையிட்டார் என்பர். அவருக்கு வண்ண வாணிகத்தில் பங்கு இருந்ததென்று ஊரார் நகைப்பதும் உண்டு. 1997-இல் யுனெஸ்கோ இந்நகரின் பழைய பகுதிகளை உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இரு கரைகளையும் இணைப்பது அரசி எம்மா பாலம். லியோனார்டு ஸ்மித் என்ற அமெரிக்கர் அமைக்க, 1888-இல் திறக்கப்பட்டது. தூண்கள் இல்லாமல், மிதவைகளின்மேல் கிடக்கும் மரப்பாலம் இது. நீளம் 167 மீட்டர். கப்பல் வரும்போது மணி ஒலிக்கும். பாலத்தின் ஒரு முனை கரையோடு பிணைந்திருக்க, மறுமுனை இயந்திரத்தின் உந்துதலால் கதவைப் போல் மெல்லத் திறந்து ஒதுங்கும். அதுவரை மக்கள் படகில் கடப்பர்.

இப்பாலத்தைக் கடக்க முன்பு சுங்கம் உண்டு. காலணி அணிந்தவர் இரண்டு சென்ட் செலுத்த வேண்டும். வெறுங்காலோடு நடப்பவர் ஒன்றும் தர வேண்டியதில்லை. ஏழைக்கு இரங்கிச் செய்த ஏற்பாடுதான். ஆயினும் செல்வர் சிலர் காசை மிச்சப்படுத்தக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சென்றார்களாம். ஏழைகளோ காலணியை இரவல் வாங்கி, அணிந்து, காசு கொடுத்து நடந்தார்களாம். கதையாகவே இருக்கலாம். ஆனால் காலில் செருப்பு அணிவது மானத்தின் அடையாளமாக இருந்த காலத்தை நம் நாடும் அறியும். அதனால் இக்கதையின் பொருளை நாம் எளிதில் உணர்கிறோம். சலுகையை விட மதிப்பையே வேண்டினர் அந்த ஏழைகள். அந்த வேட்கைக்கு வேர் எங்கே என்று தேடினால், பாலத்தின் அப்புறம் உள்ள கோட்டைக்குப் போக வேண்டும்.

டச்சுக்காரரை நம் முன்னோர் ஒல்லாந்தர் என்பர். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டை வைத்து வாணிகம் நடத்தியது அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் உடன்பிறப்பான மேற்கிந்தியக் கம்பெனி, 1634-இல் குராசோவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றி, அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாம் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. ஒல்லாந்தர் அப்போது ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து, 1568 முதல் 1648 வரை நீண்ட விடுதலைப் போர் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தம் விடுதலைக்குப் போராடிய மக்கள் எழுப்பிய கோட்டை இது.

கோட்டையிலிருந்து சில தெருக்கள் நடந்தால், 1732-இல் கட்டிய யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்றைக் காணலாம். அதன் தரை முழுவதும் மணல் பரப்பியிருக்கும். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சமய விசாரணைக்கு அஞ்சி மறைந்து வழிபட்டபோது, காலடி ஓசை கேளாதிருக்க மணல் பரப்பிய வழக்கத்தின் நினைவு அது என்பர். முன்னோர் பாலைவனத்தில் அலைந்ததன் அடையாளம் என்போரும் உண்டு. துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த அம்மக்களுக்கு, டச்சு ஆட்சி வழிபாட்டு உரிமை அளித்தது.

இவ்வாறு ஒரு கூட்டத்தார்க்கு விடுதலையும், மற்றொரு கூட்டத்தார்க்கு அடைக்கலமுமாக விளங்கிய இதே துறைமுகம், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரிபியன் கடலின் பெரிய அடிமைச் சந்தைகளுள் ஒன்றாயிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பல்லாயிரவர், நெடும் பயணத்தில் நலிந்த உடல் தேறும்வரை இங்கே வைத்துப் பேணப்பட்டனர். இரக்கத்தால் அன்று; விலை ஏறுவதற்காக. பின்னர் ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு விற்கப்பட்டனர். ஒருசாரார் தீவிலேயே தோட்டங்களில் உழைக்க நிறுத்தப்பட்டனர்.

அவர்களுள் ஒருவன் தூலா. 1795 ஆகஸ்ட் 17 அன்று, தீவின் மேற்கே கெனெப்பா என்னும் தோட்டத்தில் அவனும் தோழர்களும் வேலை செய்ய மறுத்து எழுந்தனர். நாற்பது ஐம்பது பேராகத் தொடங்கிய கூட்டம், தோட்டந்தோறும் ஆட்கள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல் பெருகியது. சமாதானம் பேச வந்த பாதிரியாரிடம் தூலா கூறிய காரணங்களை அவரே எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றுவிட்டனர். அதே பிரெஞ்சுக்காரர் இப்போது ஒல்லாந்தையும் கைக்கொண்டுவிட்டனர். அப்படியானால் எங்களுக்கும் விடுதலை உரியதன்றோ என்று அவன் வாதாடினான். மனிதர் எல்லோரும் ஆதாம் ஏவாள் வழி வந்தவர்கள் அல்லரோ என்றும் கேட்டான். பாதிரியார் போதித்த வேதத்திலிருந்தே எடுத்த கேள்வி அது. விடை துப்பாக்கியாக வந்தது. ஒரு மாதத்திற்குப்பின் தூலா காட்டிக்கொடுக்கப்பட்டான். அக்டோபர் 3 அன்று, மக்கள் முன்னிலையில் சித்திரவதை செய்து கொன்றனர்.

அவனைக் கொன்ற இடம் எது? ரிஃப் என்னும் கடற்கரை. காலையில் நாம் கப்பலிலிருந்து இறங்கி, வண்ண வீடுகளைக் காணும் ஆவலில் வேகமாகக் கடந்து வந்த அதே கரைப்பகுதி.

தூலா இறந்து 68 ஆண்டுகள் கழித்து, 1863 ஜூலை முதல் நாள், டச்சு அரசு தன் மேற்கிந்தியக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. அன்று ஓர் அடிமைக்கு இருநூறு கில்டர் வீதம் குராசோவில் இழப்பீடு தந்தனர். பெற்றவர் ஆண்டைகள், அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. பாலத்தின் சுங்கச் சாவடியில் காலணி அணிந்து நிமிர்ந்து நின்றவர்கள் அவர்களும் அவர்கள் மக்களுமே. 2010-இல் குராசோ தூலாவைத் தேசிய வீரனாக ஏற்றது. 2023 அக்டோபர் 3 அன்று, அவன் குற்றவாளி அல்லன் என்று டச்சு அரசு அறிவித்து, அவன் பெயருக்கு மதிப்பை மீட்டளித்தது. இடையே கழிந்தவை 228 ஆண்டுகள்.

மாலையில் கப்பலுக்குத் திரும்பும் வழியும் அந்தப் பாலமே. காலையில் கடந்தபோது கண்ணுக்கு விருந்தாக இருந்த காட்சி, இப்போது நெஞ்சில் ஒரு கேள்வியாக நிற்கும். தான் விடுதலை பெற்றவன் பிறனுக்கு அதை மறுப்பது எவ்வாறு இயலுகிறது என்பதே அக்கேள்வி. அது குராசோவுக்கு மட்டும் உரியது அன்று. இக்கரைக்கு அக்கரை பச்சை என்கிறோம். அக்கரையின் பச்சையைக் கண்டு மகிழ்ந்த பயணி, கப்பலேறுமுன் தான் நிற்கும் இக்கரை மண்ணையும் ஒருகணம் குனிந்து பார்ப்பானாயின், அந்த ஒரு பகல் வீணாகப் போனதாகாது.