ஆள் புழங்கும் வீடு

திருவள்ளுவர் பாயிரத்தின் நான்கு அதிகாரங்களை முடித்த கையோடு ஐந்தாம் அதிகாரமாக இல்வாழ்க்கையை வைத்தார். அதைத் தொடர்ந்து வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல் என்று வரிசைப்படுத்தினார். இந்த வரிசையில் சுவரும் கூரையும் வரவே இல்லை. துணையும் மக்களும் அன்பும் விருந்தும் கூடிய இடமே அவருக்கு இல்லம்.

அவருக்கு முற்பட்ட சங்கப் புலவர்களின் பார்வையும் இதுவே. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் ஒரு புதுமணப் பெண்ணின் சமையலைக் காட்டுகிறார். முற்றிய தயிரைப் பிசைந்த விரல்களை அவள் உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பை இட, கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் இதைச் சொல்கிறாள். மகள் நன்றாக வாழ்கிறாள் என்பதற்கு அவள் கொண்டுவந்த சான்று ஒரு வேளைச் சாப்பாடு. நாடாண்ட பாண்டியன் அறிவுடை நம்பியும் புறநானூற்றின் 188ஆம் பாடலில், நெய்ச்சோற்றைத் தரையில் சிந்தி, கையால் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைத்தான் வாழ்வின் பயனாகக் காண்கிறான்.

புலவர்கள் சொன்ன இந்த உண்மையைக் கண்ணால் கண்டு தெளிய விரும்புகிறவர்கள் செட்டிநாட்டுக்குப் போகவேண்டும்.

குடும்பத்துக்காக வகுத்த கட்டிடம்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டில், நகரத்தார் எனும் வணிகச் சமூகத்தாரின் ஊர்களில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940கள் வரை எழுந்த வீடுகளின் செல்வச் செழிப்பு உலகறிந்தது. பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு என்று எதிலும் குறை வைக்கவில்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள் பல. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

இந்த அழகையெல்லாம் ஒரு புறம் வைத்துவிட்டு, வீட்டின் அமைப்பைப் பாருங்கள். ஆண்கள் அமர்ந்து வரவு செலவு பேச முகப்பு. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு. வளவைச் சுற்றிய அறைகள் மணமான மகன்களுக்கு உரியவை. அத்தனை பெரிய வீட்டில் அறைகள் மட்டும் சிறியவை. பண்டபாத்திரம் வைக்கவும் இரவில் படுக்கவுமே அவை போதும். பகல் முழுதும் எல்லாரும் வளவுக்கு வந்துதான் ஆகவேண்டும். கொட்டான் முடைவதும், வற்றல் காயவைப்பதும், பிள்ளைக்குத் தலை பின்னுவதும், அப்பத்தா கதை சொல்வதும் அங்கேதான். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். அண்டாவையும் கிடாரத்தையும் இழுத்து வைக்க வீடே ஓடிவரும்.

இதோடு சேர்த்து நினைக்கவேண்டிய வழக்கம் ‘வேறு வைத்தல்’. மகனுக்கு மணமாகிச் சில காலம் சென்றதும், அரிசி பருப்பு பாத்திரங்களோடு தனி அடுப்பு வைத்துக்கொடுத்து, பெற்றோரே அவனை வேறு வைப்பார்கள். அடுப்புத்தான் வேறு; கூரை ஒன்று, சாமி ஒன்று, நல்லது கெட்டது ஒன்று. மருமகள் தன் கையால் குடித்தனம் நடத்திப் பழகுவாள். மாமியார் கூப்பிடு தூரத்தில் இருப்பார். நெருக்கமும் வேண்டும், மூச்சுவிட இடமும் வேண்டும் என்பதை அறிந்த பெரியவர்கள் வகுத்த ஏற்பாடு இது.

பெண்கள் காத்த வெம்மை

ஆண்கள் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன காலம் அது. பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று கப்பலேறியவர்கள் திரும்பிவர மூன்றாண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் வீட்டைச் சுமந்தவர்கள் பெண்கள். ஊருக்கு வரும் கணவனுக்கும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கும் அது வீடாக இருந்தது என்றால், விடியுமுன் வாசல் தெளித்த கைகளும் அடுப்பூதிய மூச்சும்தான் காரணம். இல்லத்தின் இனிமையைப் பாடுகிற நாம், அந்த உழைப்பின் பெரும்பங்கு ஒரு சாராரின் தோளிலேயே இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வீடுகளின் உயிர்ப்பை ஒரே காட்சியில் காண்பதென்றால் பிள்ளையார் நோன்பைச் சொல்வேன். திருக்கார்த்திகைக்கு மறுநாள் தொடங்கி 21ஆம் நாளில், சட்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் வேளையில் வருவது அது. புதுத்துணியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் பதித்து, நெய்யிட்டு ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவராக வந்து வாங்கி, சுடரோடு வாயிலிட்டு விழுங்குவார்கள். சின்னப் பிள்ளை சுடரைக் கண்டு மிரளும். “ஒன்றும் செய்யாதப்பா, ஆ காட்டு” என்று ஆயா தேற்றுவார். விழுங்கியதும் அந்தப் பிள்ளைக்கு வரும் பெருமிதத்தைப் பார்க்கவேண்டும். இந்த நோன்புக்குத் தேக்குத் தூண் தேவையில்லை. கொடுக்க ஒரு பெரியவரும் வாங்க ஒரு சிறியவரும் இருந்தால் போதும். அதனால்தான் சிங்கப்பூரின் அடுக்குமாடியிலும் சென்னையின் வாடகை வீட்டிலும் இன்றும் அது நடக்கிறது.

பூட்டிய கதவுகள்

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. அங்கே வணிகம் செய்த நகரத்தாரின் பிழைப்பின் வேர் அறுந்தது. படிப்பும் வேலையும் தேடிக் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர் ஆனார்கள். இன்று பல வீடுகளில் காவலுக்கு ஒருவர் மட்டும் இருக்கிறார். ஆள் புழங்காத வீட்டில் ஓடு நகர்ந்தால் பார்ப்பாரில்லை, தூம்பு அடைத்தால் தள்ளுவாரில்லை. தேக்கென்றாலும் ஈரத்தில் எத்தனை நாள் நிற்கும்? சில வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் நிலையும் கதவும் விலைக்குப் போயின. விடுதிகளிலும் மாளிகைகளிலும் அந்தத் தூண்கள் அழகாகவே நிற்கின்றன. ஆனால் அவற்றில் சாய்ந்து பூத்தொடுத்தவர்கள் உடன் வரவில்லை.

அதே வீடு கல்யாணத்துக்கோ, முன்னோரை வழிபடும் படைப்புக்கோ திறக்கப்படும்போது வேறாகிவிடுகிறது. இரண்டு நாளில் ஒட்டடை போகிறது. பின்கட்டில் கோட்டை அடுப்பு எரிகிறது. பந்தியில் பங்காளிகள் வரிசையாக உட்காருகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத பேரப்பிள்ளைகள் வளவில் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். கல்லும் மரமும் அதேதான்; மாறியது மனிதர்களின் புழக்கம் ஒன்றே.

எனவே இதைப் படிக்கும் அன்பர்களிடம் சில வேண்டுகோள்கள். சொந்த ஊரில் பூட்டிய வீடு உள்ளவர்கள், படைப்பு முடிந்த அன்றே வண்டி ஏறாமல், பிள்ளைகளோடு சில நாட்கள் தங்கி அங்கே உலை வையுங்கள். இரண்டு அறை வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஒரு வேளை உணவையேனும் எல்லாரும் சேர்ந்து உண்ணுங்கள். கறி நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய வேலையாகட்டும். பெண்கள் மட்டும் காத்த வெம்மையை இனி எல்லாரும் காப்போம். தாத்தா பாட்டி பேசும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். வீடு கட்டக் கடன் கிடைக்கும், கொத்தனார் கிடைப்பார். அதற்குள் வாழ்வதை நாம்தான் செய்யவேண்டும்; அதை நாள்தோறும் செய்யவேண்டும்.