நியமனத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு: மன்னாரில் வகுப்பறைக்கு வெளியே உள்ள கல்விப் பணிகள்

மன்னாரில் ஒரு பிள்ளை பட்டம் முடித்து வீட்டுக்கு வந்தால் அயலவர் கேட்கும் முதல் கேள்வி "ரீச்சிங் கிடைச்சிட்டுதோ?" என்பதுதான். ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றுத் திரும்பிய என்னிடமும் அதையே கேட்டார்கள். தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் என்று ஒரு பாடம் பாடசாலைகளில் இருப்பதால் அந்தக் கேள்வியை முழுக்கத் தவறென்று சொல்லவும் முடியாது. ஆனால், கல்வித்துறை என்றால் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டும்தான் என்ற நினைப்பில் பலர் தங்கள் இருபதுகளின் பாதியைக் காத்திருந்தே கழித்துவிடுகிறார்கள்.

2020இல் பட்டதாரிப் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பாடசாலைகளில் இணைக்கப்பட்டார்கள். பாடமும் எடுக்கிறோம், ஆசிரியர் சேவையில் எங்களைச் சேர்க்கவில்லை என்று அவர்கள் வீதியில் இறங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. இந்தக் கட்டுரை அந்தப் போராட்டத்தைப் பற்றியதல்ல. ஆசிரிய நியமனம் தவிர்ந்த கல்விப் பணிகள் எவை, மன்னார் போன்ற ஒரு மாவட்டத்தில் அவற்றுக்குள் எப்படி நுழைவது, எதில் ஓய்வூதியம் உண்டு, எதில் வெறும் நன்றி மட்டும்தான் என்பதைச் சொல்வதே இதன் நோக்கம்.

பிரதேச செயலகத்தில் இருக்கும் கல்வி வேலை

மன்னார் மாவட்டத்தில் மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு என ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள். கல்வி நிர்வாகத்துக்கு மன்னார், மடு என இரண்டு வலயங்கள். வேலை தேடுபவர்கள் வலயக் கல்வி அலுவலகத்தின் வாசலைத்தான் பார்க்கிறார்கள். பிரதேச செயலகத்தைப் பார்ப்பதில்லை.

அங்கேதான் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர்களும் இதே வட்டத்தில் வேலை செய்கிறார்கள். பெயரில் கல்வி என்ற சொல் இல்லை. ஆனால், ஒரு பிள்ளை ஒன்பதாம் ஆண்டில் பாடசாலைக்கு வராமல் நின்றால் வீட்டுப் படியேற வேண்டியவர்களில் முதன்மையானவர்கள் இவர்களே.

அந்தப் படியேறல் மன்னாரில் ஏன் முக்கியம் என்பதைக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காற்று மாறத் தொழிலும் கரை மாறுகிறது. வாடி மாறும்போது சில வீடுகளில் பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். கையில் வலுவுள்ள பையனுக்கு வள்ளத்தில் இடம் எப்போதும் இருக்கிறது. முசலிப் பக்கத்தில் வேறொரு நிலைமை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இன்னமும் ஒரு காலைப் புத்தளத்திலும் மற்றக் காலைச் சொந்த ஊரிலும் வைத்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பாடசாலை இடாப்பில் இருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை கட்டாயக் கல்வி. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. வரவைக் கண்காணிக்கப் பாடசாலை வரவுக் குழுக்களும் உண்டு. இடைவிலகிய பிள்ளையைத் தேடிப் போய், தகப்பனோடு கதைத்து, திரும்பவும் பாடசாலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ கொண்டு சேர்க்கும் மனிதர் இல்லாவிட்டால் அந்தச் சட்டம் கடதாசியிலேயே கிடக்கும். வலயத்தில் இதற்கென முறைசாராக் கல்விப் பிரிவு ஒன்று உண்டு. எழுத்தறிவு வகுப்புகள், சமூகக் கற்றல் நிலையங்கள், தையல், கணினி போன்ற பயிற்சிகள் அதன் கீழ் நடக்கின்றன. போதனாசிரியர்கள் பெரும்பாலும் பகுதிநேரமாகவே எடுக்கப்படுகிறார்கள். அதை முழுநேரத் தொழிலாக நம்பிப் போக வேண்டாம். வேறொரு வருமானத்தோடு சேர்த்துச் செய்யலாம்.

உளவளத்துணையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. போரும் இடப்பெயர்வும் கண்ட மாவட்டத்தில் இதன் தேவையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால், மூன்று நாள் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்லப் புறப்படுபவர்களும் நிறைய. உளவியல், சமூகப் பணி, உளவளத்துணை ஆகியவற்றில் முறையான பட்டமோ டிப்ளோமாவோ இல்லாமல் இதற்குள் இறங்குவது பிள்ளைக்கும் நல்லதல்ல, இறங்குபவருக்கும் நல்லதல்ல.

முன்பள்ளி என்ற கசப்பு

எண்ணிக்கையில் அதிகம் பேர், குறிப்பாக உயர்தரம் முடித்த பெண்கள், போய்ச் சேரும் இடம் முன்பள்ளி. அதுவும் வகுப்பறைதானே என்று கேட்கலாம். அரசாங்கத்தின் கண்ணில் அது வகுப்பறை இல்லை என்பதுதான் பிரச்சினை. முன்பள்ளி ஆசிரியர் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் வருவதில்லை. முன்பள்ளிகளை உள்ளூராட்சி சபைகளும், கோயில்களும், பள்ளிவாசல்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும், தனியாரும் நடத்துகிறார்கள். கைக்கு வருவது பெற்றோர் கட்டும் சிறு கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும். போருக்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் முன்பள்ளி ஆசிரியர்கள் எடுக்கப்பட்டபோது, அவர்களது சம்பளம் மாகாணத்தின் கொடுப்பனவைவிடப் பல மடங்காக இருந்தது. முன்பள்ளிக்குள் இராணுவம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஒரே வேலைக்கு ஒருவருக்கு வாழ்க்கைச் சம்பளமும் இன்னொருவருக்குப் பஸ் காசும் ஏன் என்ற கேள்வியும் அதேயளவு நியாயமானது. இரண்டாவதை நாம் குறைவாகவே கேட்டோம்.

என்றாலும் முன்பள்ளி ஒரு வாசல். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆரம்பப் பிள்ளைப்பருவக் கல்வியிலும் விசேட தேவைக் கல்வியிலும் கற்கைநெறிகள் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம். முன்பள்ளியில் சில வருடம் நின்றவர், பேச்சு தாமதித்த பிள்ளையையும் காது கேளாத பிள்ளையையும் மற்றவர்களைவிட விரைவாக அடையாளம் காண்பார். விசேட தேவைக் கல்வியில் தகுதி பெற்ற தமிழ்மொழி மூலப் பணியாளர்கள் வடக்கில் போதாது. அந்தத் திசையில் படிப்பவருக்குக் கதவு திறக்கும் வாய்ப்பு அதிகம்.

பட்டம் இல்லாதவர்களின் பக்கம்

வெளியிணைப்பு இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய மனிதர்கள் பேசாலையிலும் வங்காலையிலும் இருக்கிறார்கள். தாங்களும் கல்வித்துறையில் வேலை செய்யலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. தேசிய தொழிற் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். வகுப்புக்கே போகாமல், முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை பெறும் வழியும் அதில் உண்டு. அப்படித் தகைமை பெற்றவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் போதனாசிரியராக விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் பயிற்சி பெற்று, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்தால் மற்றவர்களின் திறனை மதிப்பிடும் பணியும் செய்யலாம். உயர் மட்டங்களுக்குப் படிக்க விரும்புபவருக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பாடசாலைகளில் 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழில்துறைப் பிரிவுக்கும் இவ்வாறானவர்களே தேவை.

திட்டம் முடிந்தால் வேலையும் முடியும்

அரசசார்பற்ற நிறுவனங்களின் கல்விப் பணிகள் மன்னாருக்குப் புதிதல்ல. தலைமன்னாரிலிருந்து படகேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தியவர்களில் அகதி இளைஞர்களே பலர். 1984இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களில் பலரைப் பயிற்றுவித்தது. அங்கே படித்துத் திரும்பியவர்கள் இந்தியப் பட்டத்தைக் காட்டும்போது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது அலைச்சலைக் குறைக்கும்.

மீள்குடியேற்றக் காலத்தில் கண்ணிவெடி அபாயக் கல்வி ஊர் ஊராக நடந்தது. எதைத் தொடக்கூடாது, யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த இளைஞர்களின் வேலை உயிரைக் காத்த வேலை. நிலம் துப்புரவாகத் துப்புரவாக அந்த வேலை குறைந்தது. குறையத்தான் வேண்டும். ஆனால், செய்தவர்களின் கையில் மிஞ்சியது பெரும்பாலும் ஒரு சேவைக் கடிதம் மட்டுமே. திட்ட வேலையில் சேர்பவர் அந்தச் சம்பளம் வரும் காலத்திலேயே ஒரு டிப்ளோமாவை முடித்துக்கொள்வது புத்தி.

ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கும் வகுப்பறைக்கு வெளியே வழிகள் உண்டு. ஆசிரியர் ஆலோசகர் சேவையும், வவுனியா, கோப்பாய் போன்ற இடங்களிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரிகளில் கற்பிக்கும் ஆசிரிய கல்வியியலாளர் சேவையும் அவர்களுக்கானவை. இலங்கைக் கல்வி நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சையோ ஆசிரியராக இல்லாத பட்டதாரிக்கும் உரியது. மன்னாரிலிருந்து அதற்குத் தோற்றுபவர்கள் இன்னும் அதிகரிக்க வேண்டும். வலயத்தில் கையொப்பமிடும் கை உள்ளூர்க் கையாக இருப்பதற்கு அதுவே நேர்வழி.

மொழி வல்லவர்களுக்கு இன்னொரு இடம் உண்டு. மஹரகம தேசிய கல்வி நிறுவகமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தயாரிக்கும் தமிழ்ப் பாடநூல்கள் சிலவற்றை வாசிக்கும்போது, சிங்கள வாக்கியம் தமிழ் உடுப்புப் போட்டு நிற்பது தெரியும். மும்மொழியும் பாடமும் தெரிந்தவர்கள் குறைவு என்பதே காரணம். தமிழும் சிங்களமும் அருகருகே புழங்கும் முசலி, மடுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் இயல்பான முற்பலம் உண்டு.

அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவருகிறது. மாகாணப் பதவிகளுக்கு வடக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். வயதெல்லை பதவிக்குப் பதவி மாறும். விண்ணப்ப முடிவுத் திகதியில் உங்கள் வயது என்ன என்பதே கணக்கு. ஆசிரிய நியமனத்துக்காகக் காத்திருக்கும்போதே இந்த விண்ணப்பங்களையும் போடலாம். ஒன்றுக்கு விண்ணப்பித்ததற்காக மற்றதன் வாசல் மூடப்படுவதில்லை.