நிலத்தின் விலையும் பள்ளியின் நிலையும்

பள்ளி ஒன்றின் தரத்தை முடிவு செய்வது யாது என வினவினால், நல்லாசிரியர் என்பர் சிலர். பெற்றோரின் அக்கறை என்பர் வேறு சிலர். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியோர் மட்டும் தயங்காது 'நிலம்' என்பர். பள்ளி நிற்கும் நிலம் அரசுக்கு உரியதாக இல்லாவிடில் அது பகுதி உதவி பெறும் பள்ளியாகவே வைக்கப்படும் என்பதும், புதுக் கட்டடம் எழுப்ப நிலவுடைமையாளரின் இசைவை நாடி நிற்க வேண்டும் என்பதும் நாமறிந்தவையே. யான் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் கழிவறை கட்டுவதற்குரிய இசைவுக் கடிதம் வந்து சேர ஈராண்டுகள் ஆயின.

செல்வத்தில் சிறந்த அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் நிலமே பள்ளியின் விதியை எழுதியது என்பதை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் யான் அறிந்திலேன். அங்குள்ள டெக்சஸ் மாநிலத்தின் எட்ஜ்வுட் வழக்கைப் பின்னாளில் படித்தபோதுதான் அது விளங்கிற்று. அவ்வழக்கின் வரலாறு நம் ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் அறிந்துகொள்ளத் தக்கது.

டெக்சஸ் மாநிலத்தில் பொதுப்பள்ளிகளை நடத்துவன கல்வி மாவட்டங்கள். இவை நம் நாட்டு மாவட்டக் கல்வி அலுவலகம் போன்றவையல்ல. தாமே வரி விதிக்கும் உரிமை பெற்ற தனி நிருவாகங்கள். நம் நகராண்மைக் கழகங்கள் வீடுகளுக்கு விதிக்கும் மதிப்பீட்டு வரியைப் போன்றதொரு வரியை, தம் எல்லைக்குட்பட்ட நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அவை விதிக்கும். மாநில அரசின் உதவியும் நடுவண் அரசின் உதவியும் உண்டெனினும், ஒரு மாவட்டத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஏற்றத்தாழ்வை விளைவித்தது இவ்வரியே.

சான் அந்தோனியோ நகர்ப் பகுதியில் அத்தகைய மாவட்டங்கள் ஏழு இருந்தன. அவற்றுள் எட்ஜ்வுட் ஏழ்மையானது. ஏறத்தாழ 22,000 மாணவர். அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் மெக்சிக்க வழியினர். தொழிற்சாலையும் வணிகமும் அருகிய, குடியிருப்புகள் மலிந்த பகுதி அது. அதே நகர்ப் பகுதியில் அமைந்த அலமோ ஹைட்ஸ் செல்வர் வாழும் இடம். 1967–68 கல்வியாண்டின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஆறாம் ஆண்டு மாணவனும் புரிந்துகொள்வான். நூறு டாலர் மதிப்புள்ள சொத்துக்கு எட்ஜ்வுட் மக்கள் 1 டாலர் 5 காசு வரி செலுத்தினர். அந்நகர்ப் பகுதியில் அதுவே மிகுந்த வரி. அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியது 85 காசு. மாநிலத் திட்டத்துக்குரிய பங்கைக் கட்டிய பின், மாணவர் ஒருவருக்கு எட்ஜ்வுட்டில் தேறிய உள்ளூர்ப் பணம் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில உதவி முறையே 222, 225. ஆம், வளமான மாவட்டத்துக்கே மூன்று டாலர் கூடுதல்! நடுவண் அரசின் உதவி 108, 36. கூட்டிப் பார்த்தால் எட்ஜ்வுட் மாணவனுக்கு 356 டாலரும் அலமோ ஹைட்ஸ் மாணவனுக்கு 594 டாலரும் செலவிடப்பட்டன. மிகுதியாக வரி செலுத்தியவரின் பிள்ளைக்குக் குறைவாகவே கிட்டியது.

1968 மே 16ஆம் நாள் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி, மாவட்டக் கல்விக் கண்காணிப்பாளர் அலுவலகத்தை நோக்கி நடந்தனர். சிதைந்த கட்டடமும் தகுதிச் சான்றிதழ் பெறாத ஆசிரியர்களும் அவர்தம் குறைகள். இதனையடுத்துப் பெற்றோர் ஒன்றுகூடினர். அவருள் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ், கடற்படையில் பணிபுரிந்தவர், கெல்லி விமானப்படைத் தளத்தில் உலோகத்தகட்டுத் தொழிலாளி. மாவட்ட நிருவாகமே பணத்தைத் தவறாகக் கையாளுகிறது என்றுதான் பெற்றோர் முதலில் ஐயுற்றனர். குற்றம் அங்கில்லை, மாநிலத்தின் நிதி முறையிலேயே உள்ளது என்று எடுத்துரைத்தவர் வழக்கறிஞர் ஆர்தர் காக்மன். இவ்விடத்தில் யான் சற்று நின்று எண்ணியதுண்டு. நாமும் பன்முறை தலைமையாசிரியரையோ வாரியத்தையோ நொந்துகொண்டு, கணக்கு எழுதப்படும் இடத்தை நோக்க மறந்துவிடுகிறோம்.

1968-இல் தொடுத்த வழக்கில், 1971 டிசம்பரில் மூவர் அமர்ந்த நடுவண் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநிலம் மேல்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. கல்வி, அமெரிக்க அரசமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என எழுதினார் நீதிபதி லூயிஸ் பவல். வரிமுறையில் சீர்திருத்தம் வேண்டும் என்பதை அவரும் மறுத்தாரல்லர். அது சட்டமன்றத்தின் கடமை என்றார். மாற்றுத் தீர்ப்பு எழுதிய பைரன் ஒயிட் கணக்கையே சான்றாக்கினார்: அவ்வட்டாரத்தில் மிக உயர்ந்த வருவாய் பெறும் மாவட்டத்துக்கு ஈடாக அலமோ ஹைட்ஸ் நூற்றுக்கு 68 காசு வரி விதித்தால் போதும், எட்ஜ்வுட்டோ 5 டாலர் 76 காசு விதிக்க வேண்டும், சட்டம் இசைந்த உச்ச வரம்போ 1 டாலர் 50 காசு. பணத்துக்கும் கல்வித் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே ஐயத்துக்குரியது என்ற வாதத்துக்கு விடை தந்தவர் தர்குட் மார்ஷல். தொடர்பில்லையெனில், செல்வ மாவட்டங்கள் இம்முறையைக் காக்க நீதிமன்றம் வரை வந்து ஏன் போராடுகின்றன என அவர் வினவினார். 1954-இல் பள்ளிகளில் நிறப்பிரிவினையை வீழ்த்திய வழக்கில் வழக்கறிஞராக வாதிட்டவரும் அவரே.

கதவு அடைபட்டது என்றே பலரும் கருதினர். ஆயினும் 1984-இல் மெக்சிக்க அமெரிக்கரின் சட்டத் தற்காப்பு நிதியம் வேறொரு கதவைத் தட்டியது. நாட்டின் அரசமைப்பை விடுத்து, மாநிலத்தின் 1876ஆம் ஆண்டு அரசமைப்பைக் கையிலெடுத்தது. இலவசப் பொதுப்பள்ளிகளின் திறம்பட்ட அமைப்பை நிறுவிப் பேணுதல் சட்டமன்றத்தின் கடன் என அதில் எழுதப்பட்டிருந்தது. நூறாண்டுக்கும் மேலாக ஏட்டில் கிடந்த அச்சொற்களே வழக்கின் உயிராயின. 1989 அக்டோபர் 2ஆம் நாள் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்துப் பெற்றோர்க்கும் ஏழை மாவட்டங்களுக்கும் சார்பாகத் தீர்ப்புரைத்தனர். மாணவர் ஒருவருக்கு உரிய சொத்து மதிப்பு, மிகச் செல்வமான மாவட்டத்தில் 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு மேல். மிக ஏழ்மையான மாவட்டத்தில் ஏறத்தாழ 20,000 டாலர். எழுநூறு மடங்கு வேறுபாடு! இதனைத் திறம்பட்ட அமைப்பு என்று எவர் கூறுவார்?

தீர்ப்பு வந்தவுடன் பணம் வந்துவிடவில்லை. சட்டமன்றம் வகுத்த திட்டங்களை நீதிமன்றம் 1991-இலும் 1992-இலும் தள்ளியது. 1993 மே மாதம் அரசமைப்புத் திருத்தமொன்றை வாக்காளரே தோற்கடித்தனர். அம்மாதமே நிறைவேறிய சட்டம், மாணவர் ஒருவருக்கு 2,80,000 டாலருக்கு மேற்பட்ட சொத்து மதிப்புள்ள மாவட்டங்கள் மிகுதியைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என வரையறுத்தது. செல்வரிடம் எடுத்து ஏழையர்க்கு ஈந்த 'ராபின் ஹூட்' கதைத் தலைவனின் பெயரால் மக்கள் அதனை வழங்கினர். சிலர் புகழ்ந்தும் பலர் இகழ்ந்தும். அப்பெயர் பொருந்தாது என்பது என் கருத்து. ராபின் ஹூட் சட்டத்துக்குப் புறம்பாகக் கொள்ளையிட்டவன். இங்கோ சட்டமே தன் கடனைச் செய்தது. 1995-இல் நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றது. பின்னரும் வழக்குகள் தொடர்ந்தன. 2016-இல் அதே நீதிமன்றம், நிதிமுறை குறைபாடுடையதேனும் அரசமைப்பின் அளவுகோலுக்கு உட்பட்டது என்று கூறி, வழக்காடிய மாவட்டங்களைத் திருப்பி அனுப்பியது.

ரோட்ரிகஸ் அத்தீர்ப்பைக் காணவில்லை, 2013-இல் மறைந்தார். அவர் வழக்குத் தொடுத்த ஆண்டில் எட்ஜ்வுட்டில் முதலாம் வகுப்பில் அமர்ந்த பிள்ளை, செல்வத்தைப் பகிரும் சட்டம் நிறைவேறியபோது முப்பது வயதைக் கடந்திருந்தது.