பிரிவு 45: ஆயுள் காப்பீட்டில் மெய்ப்பிக்கும் பொறுப்பின் வரலாறு

இந்தியக் காப்பீட்டுத் துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களின் தோற்றத்தையும், 1956-இல் நிகழ்ந்த நாட்டுடைமையாக்கத்தையும், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையுமே விரித்துரைக்கின்றனர். பாலிசிதாரர் இறந்தபின் அவருடைய குடும்பத்தார் உரிமைத்தொகையைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது சட்டம் எந்த அளவுக்கு அவர்களுக்குத் துணைநின்றது என்ற கேள்வி அவ்வரலாற்றில் ஓரமாகவே இடம்பெற்றுவந்திருக்கிறது. அக்கேள்விக்கான விடை பெரிதும் 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் அடங்கியிருக்கிறது. முன்மொழிவுப் படிவத்தில், அதாவது பாலிசி கேட்டு விண்ணப்பிப்பவர் தம் வயது, உடல்நிலை, குடும்ப நோய் வரலாறு முதலியவற்றைத் தெரிவித்துக் கையொப்பமிடும் தாளில், பிழையான விடை இருப்பதாகக் கூறி நிறுவனம் பணம் தர மறுக்கலாமா, மறுத்தால் அதை மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்பதையே அப்பிரிவு வரையறுக்கிறது.

அப்பிரிவு எதற்கு மாற்றாக வந்தது என்பதை உணர, அதற்கு முந்தைய ஆங்கிலேயச் சட்டத்தின் போக்கை அறிவது தேவை. காப்பீடு முழுமையான நன்னம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தம் என்னும் கோட்பாடு, 1766-இல் மேன்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்த கார்ட்டர் எதிர் போம் வழக்கில் உருப்பெற்றது. சுமத்திரா தீவின் பென்கூலனில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கிருந்த மார்ல்பரோ கோட்டையைப் பகைவர் கைப்பற்றக்கூடும் என்று அதன் ஆளுநர் காப்பீடு செய்திருந்தார். கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானபின், அதன் வலுவின்மையை அவர் மறைத்துவிட்டதாகச் சொல்லிக் காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். தனக்கு மட்டுமே தெரிந்த முக்கியமான செய்தியைக் காப்பீடு செய்பவர் மறைக்கலாகாது என்று விதித்த மேன்ஸ்ஃபீல்டு, காப்பீட்டாளர் தாமே அறிந்திருந்ததையும் அறிந்திருக்கக்கூடியதையும் சொல்லவில்லை என்று குறைகூறலாகாது என்றும் விதித்து, ஆளுநருக்குச் சார்பாகவே தீர்ப்பு வழங்கினார். பின்வந்த நடைமுறை அத்தீர்ப்பின் முதல் பாதியைக் கடுமையாகப் பற்றிக்கொண்டு, இரண்டாம் பாதியை ஏறத்தாழக் கைவிட்டது என்பதே இவ்வரலாற்றின் வருந்தத்தக்க தொடக்கம்.

அக்கடுமையின் கருவியாக அமைந்தது, படிவத்தில் தரப்பட்ட விடைகளே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று அறிவிக்கும் ஒரு வாசகம். அவ்வாசகம் இருக்குமாயின் ஒவ்வொரு விடையும் உத்தரவாதமாகிவிடும். உத்தரவாதம் பொய்த்தால், பிழை எவ்வளவு சிறியதாயினும், இழப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லையாயினும் பாலிசி செல்லாது. 1922-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை தீர்த்த டாசன்ஸ் எதிர் பொன்னின் வழக்கு இதற்குத் தெளிவான சான்றாகும். கிளாஸ்கோ நகரில் ஒரு லாரிக்குக் காப்பீடு பெற்றபோது, அது வழக்கமாக நிறுத்தப்படும் இடமாக நகரின் உள்ளே இருந்த அலுவலக முகவரி கவனக்குறைவால் எழுதப்பட்டுவிட்டது; உண்மையில் லாரி நகரின் புறத்தே நிறுத்தப்பட்டுவந்தது. பின்னர் லாரி தீயில் எரிந்தது. முகவரிப் பிழையால் இடர் கூடிவிடவில்லை என்பது ஏற்கப்பட்ட பின்னும், பிழை பிழையே என்ற அளவில் உரிமையாளர் ஒன்றும் பெறாமல் போனார்.

இந்தியாவில் 1818-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஓரியண்டல் நிறுவனமும், 1829-இல் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் ஈக்விட்டபிள் நிறுவனமும் ஐரோப்பியர் குடும்பங்களையே முதன்மையாக நோக்கியவை. இந்தியரின் ஆயுளைக் காப்பீடு செய்ய முன்வந்த நிறுவனங்கள் அவர்களிடம் கூடுதல் பிரீமியம் வசூலித்துவந்த நிலையில், அவர்களுக்கும் பொது விகிதமே என்று அறிவித்து பம்பாய் மியூச்சுவல் 1870-இல் பிறந்தது. சுதேசி இயக்கத்தின் எழுச்சியில் 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா நிறுவப்பட்டபோது காப்பீடு நடுத்தரக் குடும்பங்களை எட்டத் தொடங்கியிருந்தது. படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. அதை நிரப்பியவர் பல வேளைகளில் முகவர். பாலிசி எடுப்பவரின் பங்கு கையொப்பத்தோடு முடிந்தது. கிளாஸ்கோ வணிகரையே வீழ்த்திய விதி, படிக்கத் தெரியாத ஒருவரின் விதவையை என்ன செய்திருக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1912-இல் இயற்றப்பட்ட முதல் ஆயுள் காப்பீட்டுச் சட்டமும் நிறுவனங்களின் கணக்கையும் கடன்தீர்க்கும் வலிமையையும் பற்றியே கவலைப்பட்டது.

1938-ஆம் ஆண்டுச் சட்டம், 1939 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இந்நிலையை மாற்றியது. பாலிசி நடைமுறைக்கு வந்து 2 ஆண்டுகள் கழிந்துவிட்டால், படிவத்திலோ மருத்துவர் அறிக்கையிலோ தவறான செய்தி இருந்தது என்பதை மட்டும் காட்டி அதை மறுக்க முடியாது என்று 45-ஆம் பிரிவு விதித்தது. மறுக்க வேண்டுமாயின், அச்செய்தி முக்கியமான பொருளைப் பற்றியது அல்லது வெளியிட்டிருக்க வேண்டிய முக்கியமான உண்மை மறைக்கப்பட்டது, பாலிசிதாரர் அதை ஏமாற்றும் கருத்துடன் செய்தார், செய்தபோதே அது பொய் என்றோ மறைத்தது முக்கியமானது என்றோ அறிந்திருந்தார் என்ற மூன்றையும் நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். அடிப்படை வாசகத்தின் ஆற்றலைப் பிரிட்டன் தனிநபர் காப்பீட்டில் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழித்தது என்பதை எண்ணிப் பார்த்தால், ஆயுள் காப்பீட்டளவில் இந்தியச் சட்டம் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் முந்திச் சென்றிருந்தது புலப்படும். குடியேற்ற ஆட்சிக் காலச் சட்டங்களில் எளியோருக்குப் பயன்பட்டவற்றின் வரிசையில் இதற்கு உரிய இடம் இதுவரை தரப்படவில்லை.

இம்மூன்று நிபந்தனைகளையும் உச்ச நீதிமன்றம் 1962-இல் மித்தூலால் நாயக் வழக்கில் பகுத்துரைத்தது. இன்றளவும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. ஆனால் அவ்வழக்கில் பணம் கேட்டவர் தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1945-இல் வழங்கப்பட்ட பாலிசிக்கு உரியவர், அதற்குச் சில காலத்துக்கு முன்புதான் இரத்தசோகை, கால் வீக்கம், மூச்சிரைப்பு ஆகியவற்றுக்காக மருத்துவரிடம் சிகிச்சை பெற்றிருந்தும், அதைப் பற்றிய நேரடிக் கேள்விக்குப் பொய்யான விடை தந்திருந்தார். 2 ஆண்டுகள் கடந்திருந்தும் வஞ்சகம் மெய்ப்பிக்கப்பட்டதால் பாலிசி வீழ்ந்தது. நேர்மையான மறதியைக் காத்து, திட்டமிட்ட பொய்யைக் காக்க மறுக்கும் இந்த எல்லைக்கோடு நியாயமானதே.

பிரிவு சட்டநூலில் இருந்தபோதிலும் அதைப் பயன்படுத்த உரிமையியல் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 1998-ஆம் ஆண்டு விதிகளால் அமைந்த காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் பதவியும் அவ்வழியைச் சுருக்கின. முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் விடை வராதவரும், வந்த விடையில் நிறைவு பெறாதவரும், ஓராண்டுக்குள் கட்டணமின்றி, வழக்கறிஞர் இன்றிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இயங்குகிறது.

2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 45-ஆம் பிரிவை முற்றிலும் புதிதாக எழுதியது. பாலிசி வழங்கிய நாள், இடர்ப்பொறுப்பு தொடங்கிய நாள், காலாவதியான பாலிசி புதுப்பிக்கப்பட்ட நாள், துணைக்காப்பு சேர்க்கப்பட்ட நாள் ஆகியவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து 3 ஆண்டுகள் கழிந்தபின் எந்தக் காரணத்தைக் கொண்டும், வஞ்சகத்தைக் காட்டியும்கூட, பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. பிரீமியம் கட்டத் தவறிப் பின்னர் புதுப்பிப்பவருக்கு 3 ஆண்டுக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது என்பது பலரும் அறியாத செய்தி. 3 ஆண்டுகளுக்குள் மறுக்கும் நிறுவனம், அதற்கான காரணத்தையும் சான்றுகளையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; வஞ்சகமற்ற தவறான செய்திக்காக மறுத்தால் அதுவரை பெற்ற பிரீமியத்தை 90 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

இத்தனை நன்மைகளுக்கு இடையே அதே திருத்தம் ஒரு வரியில் பழைய அநீதியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. வஞ்சகம் சாட்டப்படும்போது பாலிசிதாரர் உயிருடன் இல்லையெனில், அது வஞ்சகம் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பயன்பெறுவோரைச் சாரும் என்று அவ்வரி கூறுகிறது. ஆயுள் காப்பீட்டில் பாலிசிதாரரின் இறப்புக்குப் பின்னரே பெரும்பாலான பூசல்கள் எழுகின்றன. படிவம் நிரப்பப்பட்டபோது அங்கு இருந்திராத மனைவியோ பிள்ளைகளோ இறந்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்தச் சான்றைக் கொண்டு நிறுவ முடியும்? மருத்துவரை அனுப்பவும் ஆவணங்களைத் தேடவும் ஆற்றல் படைத்த நிறுவனத்தின் தோளிலேயே 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை வைத்திருந்தது. நாடாளுமன்றம் அவ்வரியை நீக்கி, முந்தைய நிலையை மீட்க வேண்டும்.