டெல்ஃபாஸ் பட்டு கவுனைக் கண்டுபிடித்தவர் யார்?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆடைத் தொகுப்பில் 'டெல்ஃபாஸ்' என்னும் பட்டு கவுன்கள் இருக்கின்றன. வெனிஸில் வாழ்ந்த ஸ்பானியக் கலைஞர் மரியானோ ஃபார்ச்சுனி (1871-1949) பெயரால் புகழ்பெற்றவை இவை.

தோளிலிருந்து தரைவரை மெல்லிய மடிப்புகள். ஓரங்களில் கோர்த்த முரானோ கண்ணாடி மணிகளின் கனத்தால் பட்டு உடலோடு ஒட்டி விழும். கிரேக்க நாட்டின் டெல்ஃபியில் 1896-ல் கிடைத்த வெண்கலத் தேரோட்டி சிலையின் அங்கிதான் இதற்கு முன்மாதிரி.

இறுக்கமான கார்செட் அணிந்து மூச்சுத் திணறிய ஐரோப்பியப் பெண்களுக்கு இது பெரிய விடுதலை. முதலில் வீட்டுக்குள் மட்டும் உடுத்தினார்கள். பிறகு மாலை விருந்துகளுக்கும் வந்தது. மடித்து வைக்க மாட்டார்கள். கயிறு போல முறுக்கி, சிறிய வட்டப் பெட்டியில் சுருட்டி வைப்பார்கள். நனைந்தால் மடிப்பு போய்விடும். அந்தக் காலத்தில் திரும்பவும் ஃபார்ச்சுனியின் பட்டறைக்கே அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மடிப்பு ரகசியம் இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை.

1909-ல் பாரிஸில் பெற்ற காப்புரிமை ஃபார்ச்சுனியின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆவணத்தில் அவரே கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: இதைக் கண்டுபிடித்தவர் ஹென்றியெட், அவசரத்தில் என் பெயரில் பதிவு செய்தேன் என்று. ஹென்றியெட் அவருடைய துணைவி, பின்னாளில் மனைவி.

1949-ல் கணவர் இறந்ததும் டெல்ஃபாஸ் தயாரிப்பை நிறுத்தியவரும் ஹென்றியெட்தான். உலகம் மட்டும் அதை இன்னும் 'ஃபார்ச்சுனி கவுன்' என்றே சொல்கிறது.