ஆயிரத்தெட்டு அண்டங்களும் ஒரு கோயில் வாசலும்

1969ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மனிதன் சந்திரனில் காலடி பதித்தான். அதற்கு ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு முன்னர், ஜூன் 3ஆம் திகதி, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் விண்வெளித் தொடர் தன் மூன்றாவதும் இறுதியானதுமான பருவத்தை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் வடமராட்சியின் நெல்லியடியைச் சேர்ந்த அம்பலத்தாடிகள் என்னும் கலைக்குழுவினர், ‘கந்தன் கருணை’ என்ற கூத்தை ஊர் ஊராக ஆடத் தொடங்கியிருந்தனர். இம்மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். நெல்லியடிச் சந்தியில் நின்று பார்ப்பவருக்கு அவ்வளவு விந்தையாக இராது. மூன்றும் ஒரே கேள்வியைச் சுற்றி எழுந்தவை என்பதே நமது எண்ணம்: மேலுலகத்தை எட்டிப் பிடிக்கும் மனிதன், பக்கத்தில் நிற்கும் மனிதனை என்ன செய்கிறான்?

அன்று இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. 1979இலேதான் அது இந்நாட்டுக்கு வந்தது. ஆகவே அந்த அமெரிக்கத் தொடரை நெல்லியடியில் எவரும் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் அண்டங்களைக் கடந்து பறக்கும் தேர்களும், உலகங்களை அடிமைகொள்ளும் பேரரசுகளும், தலைமுறை தலைமுறையாக நீளும் போர்களும் யாழ்ப்பாணத்தவருக்குப் புதியனவா? நிச்சயமாக இல்லை. கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் இவை அனைத்தையும் நமக்கு முன்னரே தந்திருக்கிறது. ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகங்கள் ஆளும் வரத்தைச் சூரபன்மன் சிவனிடம் பெறுகிறான். நினைத்த இடத்துக்குச் செல்லும் இந்திரஞாலத் தேரும் அவனுக்குக் கிடைக்கிறது. தென்கடலின் நடுவே வீரமகேந்திரபுரம் என்னும் தலைநகரை அமைக்கிறான். முருகனின் தூதனாகிய வீரவாகு வானில் எழுந்து அந்நகருக்குச் செல்லும் வழியில் நமது இலங்கையிலும் இறங்கிக் கலக்கிவிட்டுத்தான் போகிறான். இத்தனையும் கொண்ட ஒரு கதையை வேறெந்த நாட்டவர் வைத்திருந்தால், எத்தனை படங்களும் தொடர்களும் எடுத்திருப்பார்கள்!

நம்மவரும் எடுத்தார்கள், அதற்குக் கமரா வேண்டியிருக்கவில்லை, கோயில் மண்டபம் போதுமானதாயிருந்தது. புராணபடனம் என்னும் மரபு அது. ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட நூல் ஒரே இரவில் முடியுமா? நாள்கள், வாரங்கள் என்று அது நீளும். நேற்று நிறுத்திய இடத்தில் இன்று தொடங்கும். உற்பத்தி காண்டம், அசுர காண்டம், மகேந்திர காண்டம் என்று கதை படிப்படியாக வளர்ந்து யுத்த காண்டத்தை எட்டும்போது கேட்போர் கூட்டம் பெருகும். சூரன் வீழும் கட்டத்துக்காகக் காத்திருந்து கேட்ட தலைமுறைகள் இங்கே உண்டு. ஐப்பசியில் கந்தசஷ்டி வந்ததும் கேட்ட கதையைக் கோயில் வீதியிற் சூரன் போராகக் கண்ணாலும் காண்பார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை இவ்வாழ்வு முழுவதற்கும் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயரிட்டார். பொருத்தமான பெயர்தான். ஆனால் அக்கலாசாரத்தின் மண்டபத்தில் யார் அமர்ந்திருந்தார்கள், யார் மதிலுக்கு வெளியே நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை அப்பெயர் சொல்லவில்லை.

அசுர காண்டத்தில் ஓர் இடத்தை நமது ஆசிரிய நண்பர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். சூரனின் ஆட்சியில் தேவர்களுக்கு நேர்ந்த பெருங்கொடுமை யாது? சிறை ஒன்று, இந்திரனின் மகன் சயந்தனும் ஏனையோரும் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மற்றையது ஏவல். கடல் மீனைச் சுமந்து கொண்டுவந்து கொடுக்கும்படி தேவர்கள் பணிக்கப்படுகிறார்கள். வானவராகிய நாம் மீன் சுமப்பதா என்று அவர்கள் குமுறுகிறார்கள், நாணிக் குறுகுகிறார்கள். இந்தப் பகுதிக்குப் பயன் சொல்லும்போது மண்டபத்திலிருந்தோர் கண்கலங்கியிருக்கக்கூடும். அதே நேரத்தில் தொண்டைமானாற்றிலிருந்து பருத்தித்துறை வரையுள்ள கரையோரத்தில், நாள்தோறும் மீன் சுமந்தே உயிர்வாழ்ந்த மக்கள் எத்தனை பேர்! எந்த வேலை தேவர்களுக்கு ஆறாத அவமானமோ, அதுவே மனிதருள் ஒரு பகுதியினருக்குப் பிறவி விதி. கச்சியப்பரை இதற்காகக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர் தம் காலத்தின் கவிஞர். ஆனால் அந்தக் காலம் இருபதாம் நூற்றாண்டிலும் நம்மிடையே நீடித்ததை என்னென்பது?

நீடித்தது எவ்வாறு என்பதற்கு நீண்ட விரிவுரை வேண்டாம். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் மூடியிருந்தது, தேநீர்க்கடை மூடியிருந்தது, பொதுக்கிணறு எட்டாதிருந்தது, பல பாடசாலைகளில் இருக்கை இல்லாதிருந்தது. வடமராட்சியில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மக்களின் பிள்ளைகளுக்காகத் தேவரையாளியில் ஒரு சைவ வித்தியாசாலையை நிறுவிய பெரியாரின் பெயர் கா. சூரன். கோயில்தோறும் ஆண்டுக்கொருமுறை தலை வெட்டப்படுபவனின் பெயரைத் தாங்கிய ஒருவர், அக்கோயில்களுக்குள் விடப்படாத குழந்தைகளுக்குத் தேவாரமும் எழுத்தும் கற்பிக்க முன்வந்தார். கற்பனையில் எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்று நாமே அடித்துத் திருத்தியிருப்போம்.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது. பூட்டு கதவில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியினரின் முன்முயற்சியில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலையும் மீறி நடந்தது. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நடந்தன. சங்கானைப் பகுதியில் இரத்தம் சிந்தப்பட்டது. நெல்லியடிக்கு அயலிலுள்ள கன்பொல்லைக் கிராமம் போராட்டத்தின் கோட்டைகளுள் ஒன்றாக நின்றது.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் திருவிழாக் காலத்தில் போராட்டம் கந்தனின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. வாசலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் யார்? கணிதப் பேராசிரியராக விளங்கியவர், முன்னாள் அமைச்சர், கல்விமான் என்று போற்றப்பட்ட சி. சுந்தரலிங்கம்! படிப்பறிவு வளர்ந்தால் சாதி தானே உதிர்ந்துவிடும் என்று மேடைகளில் நம்பிக்கையோடு பேசுபவர்கள் இந்த ஒரு பெயரையேனும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் சற்றே கடல் கடந்து சென்று வருவோம். மாவிட்டபுரத்து வாசலில் மக்கள் உட்கார்ந்திருந்த அதே 1968இல், செப்டெம்பர் 20ஆம் திகதி, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் மூன்றாம் பருவம் ஆரம்பமாயிற்று. நிறுத்தப்படவிருந்த தொடர் அது; இரசிகர்கள் கடிதங்களைக் குவித்து அதனை மீட்டார்கள். ஆனால் செலவுப்பணம் குறைக்கப்பட்டது. தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி நின்றார். தரம் வீழ்ந்த பருவம் என்றே பலர் அதனைக் கணிப்பர். எனினும் 1969 ஜனவரி 10ஆம் திகதி ஒளிபரப்பான கதையொன்று நமது கவனத்துக்குரியது.

செரோன் என்னும் கிரகத்தவர் இருவர் விண்கலத்துக்கு வருகின்றனர். இருவர் முகமும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஒருவன் மற்றவனை ஐம்பதினாயிரம் ஆண்டுகளாகத் துரத்தி வருகிறான். ஏன் இந்தப் பகை என்று கப்பலின் தலைவர்களுக்கு விளங்கவில்லை. இருவரும் ஒரே இனத்தவர்தானே என்கிறார்கள். துரத்துபவன் திகைத்துப் போகிறான். தனக்கு வலப்பக்கம் கறுப்பு. தப்பியோடுபவனுக்கு இடப்பக்கம் கறுப்பு. இந்த மலையளவு வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறான். சாதியின் முழு அபத்தத்தையும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் சிலவே. நெல்லியடிச் சந்தியில் ஓர் அந்நியனை நிறுத்தி, இவர்களில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று கேட்டால் அவனும் அப்படித்தான் விழிப்பான். இறுதியில் கப்பல் செரோனை அடையும்போது, அங்கே இரு சாராரும் ஒருவரையொருவர் கொன்றொழித்து, உயிரற்ற நிலமே எஞ்சிக் கிடக்கிறது. அப்போதும் அவ்விருவரும் அதே மண்ணில் இறங்கித் தம் சண்டையைத் தொடர ஓடுகிறார்கள்.

நல்ல கதை. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட 1968 ஏப்ரலுக்கு ஒன்பது மாதங்களின் பின்னர் அமெரிக்க வீடுகளில் அது ஒலித்தது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் அக்கதையின் நியாயத்தில் ஒரு கோணல் இருக்கிறது. தப்பியோடுபவனின் மக்கள் அடிமைகளாய் இருந்தவர்கள். அதனை அவன் வாய்விட்டே சொல்லுகிறான். ஆயினும் கதை இருவரையும் ஒரே தட்டில் வைத்து, வெறுப்பு இருபுறமும் தீயது என்று கைகழுவிவிடுகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் சம குற்றவாளிகள்! இக்குரல் நமக்கு மிகவும் பழக்கமானது. இரு பகுதியாரும் விட்டுக்கொடுக்க வேண்டும், அமைதியைக் குலைக்கக்கூடாது, தமிழரின் ஒற்றுமைக்குக் கேடு வந்துவிடும் என்ற உபதேசத்தை மாவிட்டபுரத்து நாள்களில் எத்தனை கனவான்கள் செய்தார்கள். கதவைப் பூட்டியவனுக்கும் கதவைத் தட்டியவனுக்கும் ஒரே அறிவுரை.

‘கந்தன் கருணை’ இந்தக் கனவான்களின் வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. அதனை முதலில் நாடகமாக எழுதியவர் என். கே. ரகுநாதன். ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையின் ஆசிரியர் என்றால் நமது வாசகர் உடனே அறிவர். மேடையிலே சமத்துவம் பேசும் பெரியவர் ஒருவர், தம்மை நாடி வந்த தாழ்த்தப்பட்ட மக்களை வீட்டினுள் அழைக்க மனமின்றி, நிலவு நன்றாயிருக்கிறது, வெளியே இருந்து பேசலாம் என்று முற்றத்துக்குக் கூட்டிச்செல்லும் கதை அது. சந்திரனில் மனிதன் இறங்கிய ஆண்டிலும் நமது நாட்டில் நிலவுக்கு அந்த உபயோகமே மிஞ்சியிருந்தது.

ரகுநாதனின் பிரதியை அம்பலத்தாடிகள் கையிலெடுத்துக் காத்தவராயன் கூத்தின் பாணியில் அமைத்தார்கள். இளைய பத்மநாதன் இம்முயற்சியில் முன்னின்றவர். இப்பாணியைத் தேர்ந்ததே பெரும் சாமர்த்தியம் என்போம். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் கூத்தைச் செம்மைப்படுத்திப் படித்தோரின் மேடைக்குக் கொண்டுவந்தமை போற்றத்தக்க பணி. ஆனால் அங்கே கர்ணனும் வாலியும் இராவணனும் தத்தம் புராணத்துக்குள்ளேயே நின்றார்கள். காத்தவராயன் கதையோ வடமராட்சியின் உழைக்கும் மக்கள் விடியவிடிய விழித்திருந்து பார்க்கும் கதை. இழிகுலத்தவன் என்று ஒதுக்கப்பட்டவன் பிராமணப் பெண் ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் ஏறும் கதை. அந்த மெட்டைக் கேட்டமாத்திரத்தில், எந்த விளக்கவுரையுமின்றி, சாதி என்ற சொல் பார்ப்பவர் நெஞ்சில் எழும். அத்தகைய மெட்டில் கந்தனைப் பாடவைத்தார்கள். யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியின் புராணம், ஒடுக்கப்பட்டவர்களின் கூத்துக்குள் வந்து புகுந்துவிட்டது.

கூத்தில் நாரதர் வருகிறார், கந்தன் வருகிறான். மேலுலகத்திலிருந்து இறங்கிவரும் கந்தன் காண்பது அசுரரின் கோட்டையை அல்ல. தன் பெயரால் எழுந்த கோயிலின் மூடிய கதவையும் அதன் வெளியே நிற்கும் மக்களையும். அன்று சிறையிலிருந்த தேவர்களை மீட்க வேலெடுத்தவன், இன்று எவர் பக்கம் நிற்பான்? நாத்திகர் எழுப்பிய வினாவன்று இது. கந்தபுராணத்தை நம்புகிறவனே தவிர்க்க முடியாத வினா. ஆகவேதான் அது சுட்டது. கடவுள் இல்லை என்று சொல்லியிருந்தால் கதவைப் பூட்டியவர்கள் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள். கடவுள் உண்டு, ஆனால் அவர் உங்கள் பக்கம் இல்லை என்று கூத்து சொல்லிற்று.

இத்தோழர்கள் இவ்வாறு புராணத்தோடு சமரசம் செய்ததாகச் சில முற்போக்கு நண்பர்களே குறைப்பட்டதுண்டு. மூடநம்பிக்கையை எதிர்க்க வேண்டியவர்கள் முருகனை மேடையேற்றலாமா என்பது அவர்கள் வாதம். நாம் அதனை ஏற்கமாட்டோம். மக்கள் ஏற்கெனவே அறிந்த கதையின் இறுதிப் பருவத்தை வேறு விதமாக எழுதிக்காட்டுவதற்குப் பெரும் துணிவு வேண்டும். பழைய முடிவில் சூரன் மாமரமாகிப் பிளவுண்டு, மயிலும் சேவலுமாய் ஆண்டவனைச் சுமக்கவும் கொடியிற் கூவவும் அமர்த்தப்படுகிறான். தோற்றவனுக்குக் கிடைத்த அருள் ஊழியம்தான். பரம்பரை பரம்பரையாக ஊழியம் செய்தவர்களுக்கு இம்முடிவு எவ்வாறு இனிக்கும்? சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ என்ற வடமோடிக் கூத்தும் இதே காலத்தில் இதே திசையில், அசுர வதையைச் சமூக அரக்கரின் வதையாக மாற்றிக் காட்டிற்று. ‘கந்தன் கருணை’யைப் பின்னர் எழுபதுகளில் தாசீசியஸ் நெறிப்படுத்தி நவீன அரங்குக்கு இட்டுச்சென்றார். அவை தனியே எழுதவேண்டிய வரலாறு.

மாவிட்டபுரத்தின் கதவு பின்னர் திறந்தது. வேறு பல கோயில்களும் திறந்தன. 1990இல் யுத்தம் வலிகாமம் வடக்கைக் காலியாக்கியபோது, கோயிலுக்குள் நின்றவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே பாதையில் மூட்டையுடன் நடந்தார்கள். ஆனால் ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அகதி முகாம்களில் எஞ்சிக் கிடந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சொந்தக் காணியில்லாத ஒடுக்கப்பட்ட மக்களே.

2018ஆம் ஆண்டு தென்மராட்சியின் வரணியில் ஓர் அம்மன் கோயிலில் தேர்த் திருவிழா நடந்தது. வடம் பிடிக்க ஒடுக்கப்பட்ட சாதியினரையும் சேர்த்துக்கொள்ள மனமில்லாதவர்கள், மண் அகழும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, அதைக்கொண்டு அம்மனின் தேரை இழுப்பித்தார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. முன்னே மஞ்சள் நிற இயந்திரம்; பின்னே அலங்கரித்த தேர்; வடத்தில் ஒரு மனிதக் கையும் இல்லை.